அடுப்பருகில் உட்கார்ந்திருந்தவர்

அக்கா,

இன்று காலை லைன்மேன் வந்து என் மேஜையிலிருந்த பழைய கருப்பு டெலிபோனைக் கழற்றிவிட்டு, எண் வட்டு வைத்த புதுசு ஒன்றை மாட்டினார். ஊருக்கு ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. "இனிமே யாரையும் கேக்க வேணாம் சார். நீங்களே சுத்துங்க, நீங்களே பேசுங்க, அவ்ளோதான்" என்றார். பழைய ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார். அதன் வாய்ப்பக்கத்திலிருந்து அந்த வாசனை வந்தது. வருஷக்கணக்கான என் மூச்சும் வெற்றிலையும் சூடேறிய எபோனைட் ரப்பரும் கலந்த வாசனை.

புதுப் போனை எடுத்துக் காதில் வைத்தேன். ஈ மொய்ப்பதுபோல ஒரே சத்தம். உடனே வைத்துவிட்டேன். போனை எடுத்தால் ஒரு மனிதக் குரல் வரும் என்று என் காது இத்தனை காலம் பழகியிருந்தது. "நம்பர் ப்ளீஸ்." பிறகு என் குரல் தெரிந்ததும், "சொல்லுங்க ரிப்போர்ட்டர், இன்னைக்கு யாரு கவுந்தாங்க?"

"டயல் டோன் சார் அது. பயப்படாதீங்க" என்று லைன்மேன் சிரித்தார்.

அவர் போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களைப் பற்றி இதுவரை நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஊரில் யார் யாருக்கோ இரங்கல் செய்தி எழுதிய கை இது.

நமக்குள் பழக்கம் ஏற்பட்டதே காத்திருப்பதால்தான். நான் சென்னைப் பத்திரிகை ஒன்றின் இந்த ஊர் நிருபர். சாயங்காலம் ஆனால் சென்னைக்கு டிரங்க் கால் போட்டுச் செய்தி சொல்ல வேண்டும். லைன் கிடைக்க நேரமாகும். நீங்கள் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஒரு நாள் கேட்டீர்கள்: "உங்க ஆளு லைன்ல வர நேரமாவும். கதை கேக்கறீங்களா, வெச்சுடறீங்களா?"

"என்ன கதைக்கா?"

"பொய்க்கதைதான். ஆனா நீங்க எழுதறதுல இருக்கறத விட பொய் கம்மி."

குழந்தைகள் மாத இதழ் ஒன்றில் புனைபெயரில் மாயக்கதைகள் எழுதிக்கொண்டிருந்தது நீங்கள்தான் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. உங்கள் தங்கையின் குடும்பத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆபீசில் யாருக்கும் தெரியாது.

அந்தக் கதைகளில் ராஜகுமாரிகள் கிடையாது. ஒரு கதையில் மரணம் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறது. வாசலில் உட்கார்ந்து, அந்த வீட்டாரோடு சேர்ந்து நிலக்கடலை உரிக்கிறது. கூடையில் கடைசிக் கடலை உரிந்ததும் எழுந்து, "போலாமா?" என்று அந்த வீட்டுப் பெரியவரைப் பார்த்துக் கேட்கிறது. கதை அவ்வளவுதான். நான் திகைத்துப்போய், "எமனுக்கு எருமை எங்கக்கா?" என்றேன்.

"எருமைய வாசல்ல கட்டினா பால்காரன் வந்துட்டான்னு சொம்பத் தூக்கிட்டு வருவாங்க."

"சின்னப் பசங்க படிக்கறதுல சாவு எதுக்குக்கா?"

"ஏன், சின்னப் பசங்க வீட்டுக்கு சாவு வராதா?" என்றீர்கள். பிறகு, "எமன் கத்திக்கிட்டு வருவான்னு எழுதறவங்க எக்ஸ்சேஞ்சுல ஒரு வாரம் ஒக்காந்து பாக்கணும். கல்யாண சேதிதான் கத்தும். சாவு சேதி எப்பவும் மெதுவாத்தான் பேசும்" என்றீர்கள்.

உங்கள் கதைகளில் வரும் எதுவும் புத்தகத்திலிருந்து எடுத்ததில்லை என்று அப்போது புரிந்தது. காலம், மரணம், நம்பிக்கை எல்லாமே எக்ஸ்சேஞ்சின் ஸ்விட்ச்போர்டின் முன்னால் உட்கார்ந்து நீங்கள் பார்த்தவை. காலம் என்றால் ஆள் தெரியாத ஒரு குரல். பாதிப் பேச்சில் குறுக்கிட்டு, "மூணு நிமிஷம் ஆச்சு" என்று சொல்லும். நம்பிக்கை என்றால் என்ன என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். "லைன்ல ஒண்ணுமே கேக்காதப்பவும் வெக்காம புடிச்சிட்டு இருக்கறது" என்றீர்கள். அதற்குள் சென்னை வந்துவிட்டது. நான் விவசாயிகள் மறியல் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

வேலூரிலிருந்து அந்த கால் வந்தது ஒரு தை மாதம்.

அதை நீங்கள் என்னிடம் இரண்டு நாள் கழித்துச் சொன்னீர்கள். குரல் உங்களுடையதாகவே இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் நம் ஊரில் மாவு மில் வைத்திருந்தார். அவர் மனைவியை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மில்லில் போன் இல்லை. பக்கத்து அரிசிக் கடைக்கு, ஆளை அழைத்துவரச் சொல்லி பி.பி. கால் வந்தது. கடைக்காரர் கூப்பிட்டனுப்பினார். வந்தது மில்லுக்காரர் அல்ல, அவர் மகள் வசந்தா. ஒன்பது பத்து வயசு.

"அப்பா மில்லுல இருக்காரு மாமா. பெல்ட்டு ஓடுது, வரமாட்டாரு. என்ட்ட சொல்லு."

வேலூரில் பேசிய தாய்மாமனுக்கு நிதானம் இல்லை. அம்மா இறந்ததை அவளிடமே சொல்லிவிட்டார். உங்கள் காதில் ஹெட்போன். லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெண் அழவில்லையாம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "சரி மாமா. வெச்சுடட்டா?" என்றதாம்.

"வெச்சுடட்டான்னு கேக்குது ரிப்போர்ட்டர். நான் ப்ளக்க உருவணும். என் கை வரல. அந்தப் பக்கம் அது வெச்சுட்டுது, நான் இன்னும் புடிச்சிட்டு இருக்கறேன்" என்றீர்கள்.

அதன் பிறகுதான் அந்தக் கதையை எழுதினீர்கள். எழுதியதும் எனக்கு லைனில் படித்துக் காட்டினீர்கள்.

ஒரு மலை. காலம் என்கிற கிழவர் தினமும் ஒரு நூலை இழுத்துக்கொண்டு அந்த மலையை வலமாகச் சுற்றுகிறார். ஒரு சுற்று, ஒரு நாள். மலை ஒரு பெரிய நூல்கண்டு. அம்மாவை இழந்த ஒரு சிறுமிக்கு இது தெரிந்துவிடுகிறது. இடமாகச் சுற்றினால் நூல் பிரியும், போன நாட்கள் திரும்பி வரும். ஆனால் ஒரு நிபந்தனை. சந்தேகப்படாமல், யார் கூப்பிட்டாலும் நிற்காமல் நடந்தால் ஒரே சுற்று போதும். நின்றால் முடிச்சு விழுந்துவிடும். சிறுமி வெறுங்காலோடு நடக்கிறாள். சுற்று முடிந்து தெருமுனை திரும்பும்போது, அவள் வீட்டுக் கூரையிலிருந்து புகை வருகிறது.

அதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. அவள் கதவைத் திறக்கிறாள். அடுப்பருகில் மரணம் உட்கார்ந்திருக்கிறது. கையில் ஊதுகுழல். புகையில் அதன் கண்கள் கலங்கியிருக்கின்றன. "உன் அம்மாவைத்தான் எடுத்துக்கொண்டேன். அடுப்பை எடுக்கவில்லை. நீ வரும்வரை அணையக்கூடாது என்று நானே உட்கார்ந்துவிட்டேன்" என்கிறது. ஊதுகுழலை அவளிடம் நீட்டுகிறது.

சித்திரை இதழில் கதை வந்தது. புகையோடு முடிந்திருந்தது. கடைசிப் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்பொடி விளம்பரம். இடம் போதவில்லையாம்.

"எங்க டெஸ்க்குலயும் அடியிலருந்துதான் வெட்டுவாங்கக்கா. அதனாலதான் முக்கியமானத நாங்க முதல் வரியிலயே வெச்சுடறோம்" என்று சமாதானம் சொன்னேன்.

"எனக்கு முக்கியமானது கடைசியிலதான் வருது. நான் இன்னா பண்றது?" என்றீர்கள்.

கதையில் மலைக்குப் பெயர் இல்லை. ஆனால் அதற்குப் பெயர் வேண்டுமா என்ன? வேறு எந்த ஊர்ப் பிள்ளை படித்திருந்தாலும் அது கதை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் ஊர் நம்முடையது. நடக்கக் கற்ற பிள்ளையெல்லாம் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றும் ஊர். இங்கே அது கதையாக மட்டும் இருக்க முடியாது. அந்தச் சித்திரையில் இது நமக்குத் தோன்றவில்லை.

கோடை விடுமுறை. அன்று நான் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் நின்றிருந்தேன். கதவு பாதி திறந்திருந்ததால் போர்டின் முன்னால் உங்கள் முதுகு தெரிந்தது. மில்லுக்காரர் ஓடி வந்தார். புருவம், மீசை, காது மடல் எல்லாம் மாவு. வெயிலில் வேர்த்து அது பசையாகியிருந்தது.

"கீழ்பென்னாத்தூருக்கு ஒரு கால் போடுங்கம்மா. எம்பொண்ணக் காலைலருந்து காணோம். பாட்டன் வூட்டுக்குப் போயிட்டாளானு கேக்கணும்."

நீங்கள் போட்டீர்கள். அங்கே அவள் வரவில்லை. அவர் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் இருந்தவர் அடி அண்ணாமலைப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர். சர்க்கரை வாங்க டவுனுக்கு வந்தவர், ஒரு கால் போட நின்றிருந்தார்.

"பச்சைப் பாவாடையாங்க? ஒல்லியா?" என்றார். "எங்கடைய தாண்டிப் போச்சுங்க. இடமா சுத்திட்டு வருது. 'ஏம்மா, அப்பிடி சுத்தக்கூடாது, பாவம், திரும்பு'ன்னேன். நிக்கவே இல்ல. 'எங்கம்மாவக் கூட்டியாரப் போறேன்'னு சொல்லிக்கிட்டே போவுது."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்த முகத்தை என்னால் இன்னும் எழுத முடியவில்லை. அதுவரை உங்களைக் குரலாகவும் முதுகாகவும்தான் அதிகம் தெரியும். ஹெட்போனைக் கழற்றினீர்கள். அது கையிலிருந்து விழுந்து, வயரில் தொங்கி ஆடியது. போர்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ஒவ்வொரு விளக்கும், யாரோ போனை எடுத்துக்கொண்டு காத்திருப்பது.

"எங்கம்மா எழுந்துட்ட? டியூட்டி முடியல!" என்று சூப்பர்வைசர் கத்தினார். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டீர்கள்.

வாசலில் நின்ற ஜட்காவில் நீங்களும் மில்லுக்காரரும் ஏறினீர்கள். நான் சைக்கிளில் பக்கத்திலேயே வந்தேன். வண்டிக்கார பாய் நிலைமையைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் ஒரு பக்கமா சுத்தறாங்க, அது ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம் சுத்துது. தேடவே வேணாம்க்கா, செங்கம் ரோட்டுல போனா மூஞ்சிக்கு நேரா வரும்" என்றார். பயத்தில் இருந்த எங்களுக்கு அது பாதி ஆறுதலாகவும் இருந்தது. மில்லுக்காரர் மட்டும், "கெணறு இருக்குது, கொளம் இருக்குது, மலைமேல பாறை இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்பிய கொஞ்ச தூரத்தில் வசந்தா வந்தாள். ரோட்டோரப் புல்லில் கால் வைத்து வைத்து வந்தாள். உள்ளங்கால் கொப்பளித்திருக்க வேண்டும், பாதத்தின் வெளி ஓரத்தால் நடந்தாள். எங்களைப் பார்த்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. மில்லுக்காரர் குதித்து ஓடி அவள் தோளைப் பிடித்தார்.

அக்கா, அவள் போட்ட அலறல்!

"உடு! உடுப்பா! நின்னா முடிச்சு உழுந்துடும்! பாதிக்கு மேல வந்துட்டேன், உடு!"

பிடித்த இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்தாள். நின்றுவிடக் கூடாதாம். தகப்பன் கையில் மாட்டிக்கொண்டு, ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தாள். நான் விபத்துகள் பார்த்திருக்கிறேன், கலவரம் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் பார்க்க முடியாமல் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினேன்.

"எவன் சொன்னான் உனக்கு இதெல்லாம்?"

"கதையில போட்டிருக்குது!"

"அந்தக் கதை எழுதனவன் மட்டும் எங்கையில கெடச்சான்னா..."

"நான்தாங்க எழுதனேன்" என்றீர்கள்.

அவர் கை தளர்ந்தது. அவரும் உங்களைக் குரலால் அறிந்தவர்தான். அரிசிக் கடைப் போனிலிருந்து வேலூருக்கு எத்தனை முறை நம்பர் கேட்டிருப்பார். "நீங்களா? போன் ஆபீசம்மாவா?" என்றார். பிறகு மெதுவாக, "நம்பர் போடறதோட நிறுத்திக்கக் கூடாதாம்மா?" என்றார். திட்டியிருந்தால்கூட நீங்கள் தாங்கியிருப்பீர்கள்.

வசந்தா கால்களை மாற்றிக்கொண்டே உங்களை அண்ணாந்து பார்த்தாள். "பொகை வருமாக்கா?" என்றாள்.

அங்கேயே அவளிடம் உண்மையைச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். அது கதை கண்ணு, அம்மா வரமாட்டாங்க என்று. வேறு எதையும் எந்தப் பெரியவரும் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் மில்லுக்காரரைக் குதிரைக்குப் பின்னால் அழைத்துப்போய் ஏதோ பேசினீர்கள். எனக்குக் கேட்கவில்லை. அவர் முடியாது என்பதுபோலத் தலையை ஆட்டினார். நீங்கள் இன்னும் பேசினீர்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினார். பாய் வண்டியை டவுன் பக்கம் ஓட்டினார். உங்கள் செருப்பும் அந்த வண்டியோடு போயிற்று. வசந்தாவின் கையைப் பிடித்தீர்கள்.

"வா. பாதியில உட்டா ஆவாது. முழுசா சுத்திடலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்து, "அக்கா, இது அந்தப் பொண்ண ஏமாத்தறது இல்லியா? வூட்டுக்குப் போனா யாரக் காட்டுவீங்க?" என்றேன்.

"ரிப்போர்ட்டர், இப்ப கேள்வி கேக்காதீங்க. நடங்க."

செங்கம் ரோட்டில் ஊரே எங்களைப் பார்த்தது. ஆசிரமத்து வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கூட ஏதோ தவறு என்று தெரிந்து நிமிர்ந்தார். பூக்காரி ஒருத்தி, "ஏம்மா, படிச்ச பொம்பளதான? மலைய இடமா சுத்தறியே!" என்று கேட்டாள்.

"வேண்டுதல்ங்க."

"எந்த சாமிம்மா இப்பிடி வேண்டச் சொல்லுச்சு?"

நீங்கள் நடையை எட்டிப் போட்டீர்கள். அதற்கு முன்பே, எமலிங்கத்தைத் தாண்டும்போது வசந்தா கேட்டிருந்தாள்: "இதுதான எமன் கோயிலு? உள்ள இருப்பாரா?"

"இப்ப இருக்க மாட்டாரு. நீ நட."

நீங்கள் சும்மா சொன்னதாக நினைத்தேன்.

மில்லுக்காரர் வீட்டு அடுப்பு தை மாதத்திலிருந்து எரியவில்லை. சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை அடுப்பு மூட்டமாட்டார்கள், உறவுக்காரர்கள் சமைத்துக் கொண்டுவருவார்கள். காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குப் போய், மாதங்கள் ஆகியும் அவர் மூட்டவில்லை. மூன்று வேளையும் மெஸ்ஸிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு வந்தது. அந்தத் தெருவுக்கே இது தெரியும்.

தெருமுனை திரும்பினோம். அந்தக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

வசந்தா உங்கள் கையை உதறிவிட்டு ஓடினாள், அந்தக் காலோடு. அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்த ஒருவன் செய்ய ஏதுமில்லாமல் நிற்பது பெரிய கொடுமை. நாங்கள் வாசலில் நின்றோம். உள்ளே ஒரே புகை மூட்டம். சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அசையவே இல்லை. அந்தத் தை மாதத்தில் நீங்கள் லைனில் கேட்ட மௌனம் இப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு குரல் வந்தது.

"அப்பா... பச்ச வெறகு வெச்சுட்ட. கண்ணு எரியுது."

"ஆமாம்மா" என்றார் உள்ளிருந்து. "பொகைதாம்மா."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். அம்மா செத்ததற்கு அந்தப் பெண் அன்றைக்குத்தான் அழுதாள். அவரும் அழுதார். ஒருவருக்கொருவர் பொகை, பொகை என்று சொல்லிக்கொண்டே அழுதார்கள். நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து உங்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தீர்கள். தோல் உரிந்திருந்தது. "போலாம் ரிப்போர்ட்டர். போர்டுல எல்லா விளக்கும் எரிஞ்சுட்டு இருக்கும்" என்றீர்கள்.

உங்களுக்கு மெமோ வந்தது, இன்கிரிமென்ட் தள்ளிப்போயிற்று. அன்று நடந்ததை நான் செய்தியாக எழுதவில்லை. முதல் வரியில் எதை வைப்பது என்று தெரியவில்லை. அந்த நாளைப் பற்றி நாம் பிறகு பேசவும் இல்லை. நீங்கள் கதை எழுதுவதை விடவில்லை. எழுதி அனுப்பும்போதெல்லாம் 'கடைசிப் பத்தியை வெட்டுவதானால் கதையைத் திருப்பி அனுப்பவும்' என்று மேலே ஒரு வரி சேர்த்தீர்கள். நிறையக் கதைகள் திரும்பி வந்தன.

பிறகு எண்பதுகளில், ஒரு ஐப்பசி. வேலூரில் ஒரு வழக்கு விஷயமாக ஒரு வாரம் தங்கிவிட்டுத் திரும்பியிருந்தேன். வந்ததும் போனை எடுத்தேன். "நம்பர் ப்ளீஸ்" என்றது புதுக் குரல்.

"அக்கா லீவா?" என்றேன்.

லைனில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மிக மெதுவாக, "உங்களுக்குத் தெரியாதா சார்? மஞ்சக்காமால. நேத்து பால் தெளிச்சாச்சு" என்றது.

சாவு சேதி மெதுவாகத்தான் பேசும் என்றீர்கள். ஊர்ச் சாவையெல்லாம் முதலில் கேட்ட உங்கள் சாவு எனக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது. எந்த நம்பர் வேண்டும் என்று அந்தப் பெண் இரண்டு தரம் கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. வைக்கவும் முடியவில்லை.

வேங்கிக்கால் பக்கம் உங்கள் தங்கை வீட்டுக்குப் போனேன். பந்தலில் மடக்கு நாற்காலிகளில் இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மலைய இடமா சுத்துனா இல்ல? அந்தப் பாவம் உடுமா?" என்றார் ஒருவர். நான் நின்றேன். நான் நிருபர், எதற்குப் பிறகு எது நடந்தது என்பதையும் எதனால் எது நடந்தது என்பதையும் பிரித்து எழுதித்தான் பிழைக்கிறேன். "அது நடந்து வருஷக்கணக்காச்சுங்க. இந்த மழையில தெருவுக்கு நாலு பேருக்குக் காமால. அவங்களும் இடமா சுத்தனாங்களா?" என்றேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளேயிருந்து வந்த ஒரு பெண், "சார்" என்றாள். வசந்தா. டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். நாங்கள் பந்தலுக்கு வெளியே நின்றோம்.

"அந்தக் கதைல கடைசியா இன்னா சார் இருந்துது? வெட்டிட்டாங்கன்னு அக்கா ஒருவாட்டி சொன்னாங்க. என்னன்னு கேட்டா, 'நீதான் பாத்துட்டியே'ன்னு சிரிச்சாங்க. எனக்குப் புரியல."

எனக்கும் புரியவில்லை. எனக்குத் தெரிந்ததை, நீங்கள் லைனில் படித்தபடியே சொன்னேன். கதவைத் திறக்கிறாள். அடுப்பருகில் மரணம் உட்கார்ந்திருக்கிறது. கையில் ஊதுகுழல்.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"சார், அன்னிக்கு நீங்க வெளிய நின்னுட்டு இருந்தீங்க. உள்ள பாக்கல இல்ல? எங்கப்பா அடுப்புகிட்ட ஒக்காந்திருந்தாரு. கையில எங்கம்மா ஊதுகுழலு. என்னப் பாத்தும் எழுந்திரிக்கல. 'அடுப்ப மூட்டி வெய்யுங்க, கிட்டயே ஒக்காந்துக்கங்க, அவ வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க'ன்னு அக்கா சொல்லிச்சாம். நான் அழுது முடிச்சப்புறம் ஊதுகுழல எங்கையில குடுத்தாரு."

பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டு வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப எங்கப்பனையே எமன் வேஷம் கட்ட வெச்சுட்டாங்களா சார்?"

அக்கா, அத்தனை வருஷமாக நீங்கள் ஒரு பிள்ளையைப் புகையைக் காட்டி ஏமாற்றினீர்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை வெட்டிய பத்தியை நீங்கள் அன்று அவள் வீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். நான் வாசலில் நின்று, முதுகை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். எமலிங்கத்தைத் தாண்டும்போது, இப்போது உள்ளே இருக்கமாட்டார் என்றீர்களே. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

"இப்பவும் அவருதான் சார் அடுப்பு மூட்டறாரு. காஸ் வாங்கலாம்னா கேக்க மாட்டேங்கறாரு. ஆனா பச்ச வெறகு மட்டும் வாங்கறதில்ல" என்றாள்.

புதுப் போன் மேஜையில் இருக்கிறது. இன்னும் ஒருமுறை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். அதே இரைச்சல்தான். உடனே வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் வயதாகிறது. சாவைப் பற்றிய நினைப்பு இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. வரும்போது எருமை வருவதில்லை, கயிறு வருவதில்லை. புருவத்தில் மாவு படிந்த ஒரு மனிதர் கையில் ஊதுகுழலோடு, புகையில் கண் கலங்கி, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த ஐப்பசியில் உங்களைக் கூப்பிட வந்தவரும் அவராகவே இருந்திருக்க வேண்டும்.